விடுதலும் ஒப்படைத்தலும்

1

ஒரு தொழிலை விடுவது பற்றி யோசிக்க நமக்கு இரண்டு பாஷைகள்தான் கிடைத்திருக்கின்றன. ஒன்று துறவின் பாஷை. இளங்கோ அரசுரிமையை விட்டதும் பட்டினத்தார் வணிகத்தை விட்டதுமான கதைகளில் விடுகிறவன் உயர்கிறான்; விடப்பட்டது அற்பமாகிறது. மற்றது ஓட்டத்தின் பாஷை. வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்த அர்ஜுனன் கேட்டது இதைத்தான். இங்கே விடுகிறவன் தாழ்கிறான்; விடப்பட்டது ஸ்வதர்மமாக உயர்ந்து நிற்கிறது. மாதச் சம்பளமும் பிராவிடண்ட் ஃபண்டும் உள்ள ஒரு வேலையை நாற்பதாவது வயதில் விடலாமா என்று ராத்திரி விழித்துக் கிடக்கிறவனுக்கு இவ்விரண்டிலும் இடமில்லை. அவன் துறவியும் அல்ல, கோழையும் அல்ல. ஆனால் வேறு பாஷை இல்லாத காரணத்தால் இரண்டில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறான். விடப்போகிற வேலையை இழிவுபடுத்தித் தன்னை உயர்த்திக்கொள்கிறான். இல்லாவிட்டால் வேலையைப் புனிதமாக்கி, அதை விட நினைத்ததற்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்கிறான். இரண்டும் பொய் என்பது அவனுக்கே தெரியும்.

'விடு' என்ற சொல்லிலிருந்து பிறந்த 'வீடு' நம் மொழியில் மோக்ஷத்தையும் குறிக்கிறது, குடியிருக்கும் இடத்தையும் குறிக்கிறது. விட்டுப் போவதற்கும் தங்குவதற்கும் ஒரே சொல் என்பதில் ஏதோ ஒரு விவேகம் இருக்கவேண்டும். அது நம் விவாதங்களுக்குள் வந்து சேரவில்லை.

இந்தப் பிரச்னையை விமானியின் தொழிலை வைத்து யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. காரணம் அதன் கவர்ச்சி அல்ல. விடுவது என்பது தொழிலின் உள்ளேயே ஒரு விதியாக இருக்கும் வேலைகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. தன் உடலோ மனமோ சரியில்லை என்று அறிந்த விமானி பறக்கக்கூடாது. அதை அவனே முன்வந்து சொல்லவேண்டும். டாக்டர் சொல்லும்வரை காத்திருப்பதற்கு அவனுக்கு உரிமையில்லை. ஒவ்வொரு முறை விமானத்தில் ஏறுவதற்கு முன்பும் 'இன்று இந்த இருக்கையில் உட்கார எனக்குத் தகுதி இருக்கிறதா?' என்ற கேள்விக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் எழுந்துவிட வேண்டும். வேறொருவர் வந்து உட்காருவார். ஆக, அந்தத் தொழிலையே விடலாமா என்ற பெரிய கேள்வி, அவன் தினமும் கேட்டுக்கொள்ளவேண்டிய சின்னக் கேள்வியின் விரிவுதான். சின்னக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பழகியவனுக்குப் பெரிய கேள்வி சுலபமாகிவிடும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது அப்படி அல்ல.

2

அப்படி அல்ல என்பதற்கு லௌகீகக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தத்துவவாதி அலட்சியம் செய்வது வழக்கம், செய்யக்கூடாது.

விமானியாகப் பயிற்சி பெறப் பெரும்பாலோர் கடன் வாங்குகிறார்கள். வேலை கிடைத்தபின் கடனை அடைப்பதில் பல வருஷங்கள் போகின்றன. பெரும்பாலான விமான நிறுவனங்களில் மூப்புப் பட்டியல்தான் வாழ்க்கை: எந்த விமானம், எந்தத் தடம், எப்போது கேப்டன் பதவி, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா கிடைக்காதா என்பதெல்லாம் அதில் ஒருவன் எத்தனையாவது என்பதைப் பொறுத்தது. நிறுவனம் மாறினால் அடியிலிருந்து தொடங்கவேண்டும். இருபது வருஷ அனுபவம் போகாது, இருபது வருஷ இடம் போய்விடும். இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் 2017இல் ஒரு விதி போட்டது: கேப்டன் ஒரு வருஷம், துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் விலகவேண்டும். 2023இல் ஆகாசா ஏர் நிறுவனம், அப்படிக் கொடுக்காமல் போன விமானிகளை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விடுவதற்குக் கூட ஒரு வருஷம் வேலை செய்யவேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம், அந்த வேலை எப்போது வேண்டுமானாலும் அவனை விட்டுவிடலாம். அமெரிக்காவில் நாற்பது வயதைத் தாண்டிய கேப்டனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை. இருதயத்தின் படத்தில் ஒரு கோடு பிசகினால் போதும். சர்வதேச விதிப்படி 60 ஆக இருந்த வயது வரம்பு 2006 நவம்பரில் 65 ஆயிற்று. அதற்குமேல் திறமை இருந்தாலும் பயனில்லை. தானாக விடுவது கடினமாகவும், விடுவிக்கப்படுவது சுலபமாகவும் உள்ள ஒரு நிலை. இதில் அகப்பட்டவன் தன் விருப்பம் எது, நிர்ப்பந்தம் எது என்று பிரித்துப் பார்க்கும் சக்தியை மெல்ல இழக்கிறான்.

இதுவரை போட்டது வீணாகக்கூடாது என்பதற்காக மேலும் போட்டுக்கொண்டே போகும் மனோபாவத்துக்குக் 'கான்கார்ட் பிழை' என்று ஒரு பெயர் உண்டு. பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து கட்டிய கான்கார்ட் விமானம் லாபம் தராது என்று தெரிந்த பிறகும், செலவழித்தாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தொடர்ந்தார்கள். 1976 ஜனவரியில் பயணிகளோடு பறக்கத் தொடங்கி 2003இல் நின்றது. மனிதனின் பிழைக்கு ஒரு விமானத்தின் பெயர் கிடைத்தது தற்செயல்தான். ஆனால் 'பிழை' என்று பொருளாதாரம் சொல்லிவிட்டதால் விஷயம் முடிந்துவிடவில்லை. வாழ்ந்த இருபது வருஷம் செலவழிந்த பணம் அல்ல. அவனை அவனாக்கியதே அதுதான். அதைக் கணக்கிலிருந்து தள்ளு என்றால் கணக்குப் போடுகிறவனையே தள்ளவேண்டியிருக்கும்.

3

ஆசைக்கும் தொழிலுக்கும் உள்ள உறவைப் பேசும் இடத்தில் அந்த்வான் த ஸெயிந்த்-எக்ஸுபெரியின் பெயர் வராமல் இருக்காது. அவர் ஒருமுறை பறப்பதை விட்டவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1923இல் பாரிஸ் அருகே லெ பூர்ஜேயில் விபத்து. அவருக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் குடும்பத்தார் விமானத்தை விடச் சொன்னார்கள். விட்டார். ஆபீஸ் வேலை பார்த்தார், பிறகு லாரி விற்கும் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றினார். கல்யாணமும் நடக்கவில்லை. 1926இல் லத்தெகொயேர் நிறுவனத்தில் சேர்ந்து துலூஸிலிருந்து டக்கார் வரை தபால் மூட்டைகள் கொண்டுபோகத் தொடங்கினார். நாம் படிக்கிற எக்ஸுபெரி அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

இதிலிருந்து 'உனக்குப் பிரியமானதை விடாதே' என்ற போதனையை எடுத்துக்கொள்வது சுலபம். நான் கவனிக்க விரும்புவது வேறு. அந்தத் தபால் தடத்தில் விமானிகள் பாலைவனத்திலும் மலைகளிலும் செத்தார்கள். மறுநாள் வேறொருவன் மூட்டையோடு கிளம்பினான். முக்கியமானது தபால், விமானி அல்ல. தன்னை இன்னொருவன் ஈடுசெய்யலாம் என்ற அறிவு அவர்களுக்கு அவமானமாக இல்லை. அதிலிருந்துதான் அவர்களுடைய தோழமை பிறந்தது. எக்ஸுபெரி எழுதியதில் நம்மைத் தொடுகிற இடங்கள் பெரும்பாலும் இந்த அறிவிலிருந்து வந்தவை.

ஆனால் அவரே அந்த அறிவை முடிவுவரை காப்பாற்றவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1943இல் மீண்டும் ராணுவ விமானத்தில் ஏறியபோது வயது வரம்பைப் பல வருஷங்கள் தாண்டியிருந்தார். பழைய விபத்துகளில் ஒடிந்த உடம்பு. பறக்கும் உடையைத் தானாக அணிய முடியாது. இறங்கும்போது ஒரு விமானத்தைச் சேதப்படுத்தி விலக்கப்பட்டார். பெரிய அதிகாரிகளைப் பிடித்துத் திரும்ப வந்தார். 1944 ஜூலை 31 அன்று கார்ஸிகாவிலிருந்து வேவுப்படம் எடுக்கக் கிளம்பியவர் திரும்பவில்லை. மார்ஸேய் அருகே கடலிலிருந்து எடுக்கப்பட்ட சிதைவுகள் அவருடைய விமானத்தினுடையவை என்று 2004இல் நிச்சயமாயிற்று. எப்படி விழுந்தது என்பது நிச்சயமாகவில்லை. அவருடைய ரஸிகர்கள் இதைத் தியாகம் என்கிறார்கள். விட முடியாமை என்றும் சொல்லலாம். ஒன்று மட்டும் அவர் பக்கம் நிற்கிறது: அது ஒற்றை இருக்கை விமானம். பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

4

பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கும் விமானங்களை ஓட்டிய ஒருவர் அந்த வேலையை விட்டதை நாமெல்லோரும் அறிவோம். அதை ஒரு தார்மீகப் பிரச்னையாக நாம் யோசித்ததில்லை. அரசியலாக மட்டுமே யோசித்தோம்.

ராஜீவ் காந்தி இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாக இருந்தார். கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் பெறாமல் திரும்பியவர், டில்லி ஃப்ளையிங் கிளப்பில் பயிற்சி பெற்றுத் தானே தேடிக்கொண்ட வேலை அது. ஆவ்ரோ விமானங்கள் ஓட்டினார். பயணிகளுக்கு அறிவிப்புச் செய்யும்போது குடும்பப் பெயரைச் சொல்லமாட்டார் என்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அந்தக் கதை அவருக்கு அந்த இருக்கை எதைத் தந்தது என்பதைச் சொல்கிறது. அங்கே அவர் பட்டியலில் ஒருவர். பாட்டனாரின் பெயரால் விமானம் மேலே எழும்பாது.

1980 ஜூன் 23 அன்று தம்பி சஞ்சய், சஃப்தர்ஜங் அருகே ஒரு சிறிய பிட்ஸ் விமானத்தில் சாகஸம் செய்யும்போது விழுந்து இறந்தார். தாய்க்கு ஒரு மகன் தேவைப்பட்டான். கட்சிக்கு ஒரு வாரிசு தேவைப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒரு வருஷம் ராஜீவ் யோசித்தார். மனைவி கடுமையாக எதிர்த்தார். புலியைப் போல் போராடியதாக அவரே பின்னர் எழுதினார். அம்மாவுக்கு யாராவது உதவியாக வேண்டுமே என்ற பொருளில் ராஜீவ் பேசினார். 1981இல் ராஜினாமாச் செய்தார். அந்த வருஷமே அமேதியில் வென்று பார்லிமெண்ட்டுக்குப் போனார்.

இரண்டாவது உலகயுத்தத்தின்போது தன்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு மாணவனைப் பற்றி ஸார்த்ர் 1945இல் ஒரு சொற்பொழிவில் சொன்னார். தாயோடு தங்குவதா, இங்கிலாந்து போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேருவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எந்த நீதிநூலும் உனக்குப் பதில் சொல்லாது, நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு என்பதே ஸார்த்ரின் பதில். அந்த மாணவனுக்குத் தாய் ஒரு பக்கம், தேசம் மறுபக்கம். ராஜீவுக்குத் தாயும் தேசமும் ஒரே பக்கம் நின்றன, அல்லது நிற்பதாகக் காட்டப்பட்டன. எதிர்ப்பக்கம் இருந்தது ஒரு மனைவியும் ஒரு இருக்கையும் மட்டுமே. இந்த ஏற்பாட்டில் எவன்தான் தன் இருக்கையைப் பெரிதாகச் சொல்வான்? தாயும் தேசமும் ஒரே குரலில் கூப்பிடும்போது சந்தேகப்படவேண்டும் என்று நினைக்கிறேன். உலகத்தில் கடமைகள் அவ்வளவு சௌகரியமாக ஒன்றுசேர்வதில்லை. யாரோ சேர்த்துவைத்திருக்கிறார்கள்.

1984 அக்டோபர் 31. தாய் கொல்லப்பட்டார். மேற்கு வங்காளத்திலிருந்து திரும்பிய மகன் அன்று மாலையே பிரதமரானார். ஆஸ்பத்திரியில் மனைவி வேண்டாமென்று மன்றாடினார் என்று அருகில் இருந்த அதிகாரி பின்னர் பதிவு செய்திருக்கிறார். அதற்கு முன் ராஜீவ் ஒருநாளும் மந்திரியாக இருந்ததில்லை. ஆவ்ரோ ஓட்டுகிறவன் போயிங் 737 ஓட்டவேண்டுமென்றால் மாதக்கணக்கில் பயிற்சி உண்டு, பரீட்சை உண்டு, அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதுண்டு. இந்த ஒழுங்கில் பத்து வருஷத்துக்குமேல் வாழ்ந்த மனிதர், அவற்றில் ஒன்றுமே இல்லாமல் ஒரு தேசத்தின் இருக்கையில் உட்கார்ந்தார். அன்றிரவும் மறுநாட்களிலும் டில்லித் தெருக்களில் சீக்கியர்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜனநாயகத்துக்கு லைஸென்ஸ் இல்லை என்று இதற்குப் பதில் சொல்லலாம். டிசம்பரில் ஜனங்கள் 400க்கு மேற்பட்ட இடங்களை அவருக்குக் கொடுத்தார்களே? இந்த இடத்தில் ப்ளேட்டோவின் கப்பலுக்குள் ஏறிக்கொள்வது அறிவாளிகளுக்குப் பிடித்தமான காரியம். 'குடியரசு' ஆறாவது புத்தகத்தில் கடல்வித்தை தெரியாத மாலுமிகள் சுக்கானுக்காகச் சண்டையிடுகிறார்கள். வித்தை தெரிந்த மீகாமனை நட்சத்திரம் பார்க்கிறவன் என்று ஏசுகிறார்கள். ஆனால் உவமானம் ஓரிடத்தில் ஓட்டை. கப்பல் எங்கே போகவேண்டும் என்பது முன்பே முடிவானது. எப்படிப் போவது என்பதுதான் வித்தை. அரசியலில் எங்கே போவது என்பதே சண்டை. அதற்குத் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுக்க எந்த இயக்ககமும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆகையால் ராஜீவுக்குத் தகுதியில்லை என்பது என் கட்சி அல்ல. அவர் விட்டுவந்த தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்த ஒரு கேள்வி, அவர் நுழைந்த இடத்தில் கேட்கப்படவே இல்லை என்பதுதான். மனைவி கணவனுக்காகப் பேசினார். தாய் தனக்காகவோ தேசத்துக்காகவோ பேசினார். கட்சிக்காரர்கள் கட்சிக்காகப் பேசினார்கள். வெளியே தெரியவந்த அந்த விவாதத்தில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்காகப் பேச ஒருவரும் இல்லை.

5

பலனைப் பார்த்துத்தான் இத்தகைய முடிவுகளை மதிப்பிட முடியும் என்று ஒரு வாதம் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய 'தார்மீக அதிர்ஷ்டம்' என்ற கட்டுரையில் ஓவியர் காகினை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டார். மனைவி மக்களை விட்டுவிட்டு, கலைக்காக டஹிட்டி போகிற ஒருவன். போகும்போது அவனிடம் எந்த நியாயமும் இல்லை. பெரிய ஓவியனாகிவிட்டால் மட்டும், பின்னோக்கிப் பார்க்கையில், ஒரு நியாயம் உண்டாகிறது. ஆகாவிட்டால் நியாயம் கேட்பதற்கே ஆளில்லை. வழியில் கப்பல் கவிழ்ந்தால் அது வெளித் துரதிருஷ்டம், அவன் சரியா தப்பா என்பது தீர்மானமாகாது. ஓவியம் மோசமாக இருந்தால்தான் அவன் போட்டது தப்புக்கணக்கு.

வில்லியம்ஸ் கடமையை விட்டு ஆசைக்குப் போனவனைப் பற்றி யோசித்தார். ஆசையை விட்டுக் கடமைக்குப் போனவனுக்கு இந்தச் சூதாட்டம் பொருந்துமா? நம் ஸம்ஸ்காரம் பொருந்தாது என்கிறது. கடமைக்காக விட்டவனுக்குப் பலன் ஒரு பொருட்டல்ல, அவன் செய்யவேண்டியதைச் செய்துவிட்டான். இந்த உத்தரவாதம்தான் கடமையின் வசீகரம். ஆசைக்காகப் போகிறவனுக்குத் தோற்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. கடமைக்காகப் போகிறவனுக்கு அந்த இடம் முன்கூட்டியே கட்டித் தரப்படுகிறது.

அந்த இடம் இல்லை என்றுதான் நான் சொல்வேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதைத் தொடர்ந்து இலங்கைக்குப் போன இந்தியப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்தார்கள். அமைதி காக்கப்போன படையால் யாழ்ப்பாணத்தில் தமிழ்க் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் முடிந்தது அந்தச் சங்கிலியின் ஒரு முனை. இது வெளித் துரதிருஷ்டமா, உள்ளே இருந்த தப்புக்கணக்கா? இரண்டும் என்று சொல்லவேண்டியிருக்கிறது. மறுபக்கத்தில், பதினெட்டு வயதானவர்களுக்கு வாக்குரிமை கொடுத்த அரசியல் சட்டத் திருத்தமும் அவர் காலத்தில் வந்ததுதான். இந்தக் கணக்கை யாராலும் கூட்டி முடிக்க முடியாது. முடியாததாலேயே 'கடமை செய்தார்' என்று சொல்லிக் கோப்பை மூடிவிட முடியாது. கடமைக்காகத் தொழிலை விட்டவனும் சூதாடியே. பந்தயமாக வைத்தது மட்டும் அவனுடையதல்ல.

விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு அந்தக் கடைசி மாலை விமானத்தை அவரேதான் ஓட்டிவந்தார். பத்து வருஷத்துக்கு முன் விட்ட வேலை. இதிலிருந்து அவர் உள்ளூர என்னவாக இருந்தார் என்று ஊகிப்பது அநாகரிகம். விடுவது என்பது ஒரு ராஜினாமாக் கடிதத்தோடு நடந்து முடிந்துவிடுகிற சம்பவம் அல்ல என்று மட்டும் சொல்லலாம்.

6

விட்டிருக்கவேண்டிய ஒருவன் விடாமல் இருந்ததன் விளைவு இன்னும் பயங்கரமானது. 2015 மார்ச் 24 அன்று பார்ஸலோனாவிலிருந்து டுஸல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தில், கேப்டன் வெளியே போன சமயம் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினான். அவனையும் சேர்த்து 150 பேர் இறந்தார்கள். பயிற்சிக் காலத்திலேயே மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவன். வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளை அவன் நிறுவனத்திடம் காட்டவில்லை. பிரெஞ்சுப் புலனாய்வுத் துறை 2016இல் வெளியிட்ட அறிக்கை, பறக்கும் உரிமை போய்விடுமோ என்ற பயத்தையும், போனால் வரக்கூடிய பண நெருக்கடியையும் அவன் மறைத்ததற்கான காரணங்களில் சேர்க்கிறது.

மனச்சோர்வு கொலைக்குக் காரணமல்ல. அந்த நோயுள்ள மனிதர்கள் ஒருவருக்கும் தீங்கு செய்யாமல்தான் வாழ்கிறார்கள். நான் கேட்பது வேறு. 'இன்று எனக்குத் தகுதியில்லை' என்று சொல்வதைக் கடமையாக வைத்த ஒரு தொழில், அதைச் சொன்னவனுக்கு என்ன கொடுத்தது? சம்பளம் நிற்கும், கடன் நிற்காது. உண்மை சொன்னவனைத் தெருவில் விடுகிற ஸ்தாபனம் உண்மையைக் கேட்கவில்லை, மௌனத்தைத்தான் கேட்கிறது. இது உறைத்துத்தான் 2021 முதல் ஐரோப்பாவில் விமானிகள் சக விமானிகளிடம் ரகசியமாக மனம்விட்டுப் பேச ஏற்பாடு இருக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். தாமதம்தான்.

ஆனால் ஸ்தாபனத்தின் மேல் பழி போட்டுவிட்டுத் தனிமனிதனை விட்டுவிடவும் முடியாது. இருக்கையும் தானும் ஒன்று, இருக்கை போனால் தான் இல்லை என்று ஒருவன் நம்பத் தொடங்கும்போது, பின்னால் இருப்பவர்கள் அவன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். 'உன்னைத் தவிர வேறு யாருமில்லை' என்று வாரிசிடம் சொன்ன குரலும், 'இதைத் தவிர நீ ஒன்றுமில்லை' என்று நோயாளியிடம் சொன்ன குரலும் ஒரே குரல் என்று எனக்குப் படுகிறது. இரண்டு மனிதர்களையும் நான் ஒப்பிடவில்லை. ஒப்பிடவும் முடியாது. குரலைச் சொல்கிறேன். விடவேண்டாம் என்றோ விட்டுவிட்டு வா என்றோ அது எதைச் சொன்னாலும், ஒரு மனிதனை ஈடுசெய்ய முடியாதவனாக ஆக்கிவிடுகிறது. அங்கேயே அவனுடைய சுதந்திரம் முடிந்துபோகிறது.

7

விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது 'வி-ஒன்' என்று ஒரு வேகம் வரும். அதற்குமுன் எஞ்சின் பழுதானால் நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் ஒரு எஞ்சின் போனாலும் மேலே எழும்பியே ஆகவேண்டும். நிறுத்த மிச்சப்பாதை போதாது. வி-ஒன் என்ற குரல் கேட்டதும் கேப்டன் விசைநெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிடுவார், சபலம் வராமல் இருப்பதற்காக. வாழ்க்கையிலும் இப்படி ஒரு எல்லை உண்டு என்று நாம் எல்லோரும் பாவனை செய்கிறோம். முப்பத்தைந்து வயதில், கல்யாணமாகிவிட்டது, வீட்டுக்கடன் இருக்கிறது, இனி முடியாது என்கிறோம்.

உவமை நாம் நினைக்கிற மாதிரி வேலை செய்வதில்லை. வி-ஒன் எல்லா விமானங்களுக்கும் பொதுவான விதி அல்ல. இன்றைய எடை, இந்தப் பாதையின் நீளம், இப்போதைய வெப்பம், காற்று என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுவது. அதுவும் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், நிதானமாக இருக்கும்போது. முக்கியமாக, அதைத் தாண்டிவிட்டால் இறங்கவே கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை. முதலில் மேலே போ, பிறகு சுற்றிவந்து இறங்கு என்றுதான் அர்த்தம். விடக்கூடாத தருணங்கள் உண்டு. விடவே முடியாத தொழில் இல்லை.

எப்படி விடுவது என்பதையும் அதே அறை சொல்லித் தருகிறது. இரண்டு விமானிகளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கட்டுப்பாடு மாறும்போது வாய்விட்டுச் சொல்லித்தான் மாறவேண்டும். 'விமானம் உங்கள் கையில்' என்கிறார் ஒருவர். 'விமானம் என் கையில்' என்று மற்றவர் சொல்லவேண்டும். அந்தப் பதில் காதில் விழும்வரை முதலாமவர் பிடியைத் தளர்த்தக்கூடாது. யார் கையிலும் இல்லாத ஒரு விநாடி வந்துவிடக்கூடாது என்பதற்காக இவ்வளவு சடங்கு. துறவுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே நாம் தேடிய மூன்றாவது பாஷை இந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது என்று தோன்றுகிறது. துறவி ஒப்படைப்பதில்லை, உதறுகிறான். ஓடுகிறவனும் ஒப்படைப்பதில்லை. ஒப்படைக்கிறவன், தான் செய்தது செய்யத்தக்க வேலைதான் என்பதையும், அதைத் தன்னைப்போலவே இன்னொருவனும் செய்வான் என்பதையும் ஒருசேர ஏற்றுக்கொள்கிறான்.

1981இல் இந்தியன் ஏர்லைன்ஸில் ஒரு விமானி விலகியதால் விமானங்கள் நின்றுபோகவில்லை. அவருடைய தடத்தில் வேறொருவர் போனார். அது அந்தத் தொழிலின் கௌரவம். அவர் போன இடத்திலோ அவர் இல்லாவிட்டால் ஒன்றுமே நகராது என்றார்கள். அதற்குப் பெயர் விசுவாசம். எந்த இடத்தில் மனிதனுக்கு மதிப்பு அதிகம் என்று கேட்டால் நான் முதல் இடத்தைத்தான் சொல்வேன்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பலர் பாங்கிலோ ஆபீஸிலோ வேலை பார்த்துக்கொண்டு, அதை விட்டுவிட்டு எழுத முடிந்தால் எப்படி இருக்கும் என்று வருஷக்கணக்காக யோசிக்கிறவர்கள். அவர்களுக்கும் இது பொருந்தும், ஆனால் தலைகீழாக. வேலையில் தன்னை ஈடுசெய்ய முடியும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுத்தில் முடியாது என்று நம்புகிறார்கள். இருக்கலாம். ராம்போ இருபது வயதுக்குள் கவிதையை விட்டுவிட்டு ஏடனிலும் ஹராரிலும் வியாபாரம் செய்யப் போனான். மௌனி இருபத்துச் சொச்சம் கதைகளோடு நிறுத்திக்கொண்டார். கவிதை நிற்கவில்லை, சிறுகதையும் நிற்கவில்லை. அவர்கள் விட்ட இடத்தில் அவர்களைப்போல ஒருவரும் எழுதவில்லை என்பது உண்மைதான். ஆனால் மொழி எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. எழுதுவதற்காக வேலையை விடுகிறவன், என் எழுத்து இல்லாவிட்டால் இலக்கியம் நஷ்டப்பட்டுவிடும் என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு விடவேண்டாம். எழுதவேண்டும் போலிருக்கிறது என்பது போதுமான காரணம். போதாது என்று நினைக்கிறவன் வேலையிலேயே இருக்கலாம். அதிலும் இழிவில்லை, எழுந்திருக்கத் தெரிந்தவனாக உட்கார்ந்திருந்தால்.